கூரைச் சூட்டைத் தடுக்க அலுமினியத் தாளும் பஞ்சும்: பினாங்கு தெரஸ் வீட்டில் சில வருட அனுபவம்

மலேசியாவின் பினாங்கில், சுங்கை ஆராவில் எங்களுடையது இரண்டு மாடி தெரஸ் வீடு. வரிசையின் நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். வெயில் நேரடியாகப் படுவது முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும், அப்புறம் தலைக்கு மேல் இருக்கும் ஓட்டுக் கூரையிலும்தான். 2022 தொடக்கத்தில் அந்த ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் அடித்து, சீலிங் பலகை மேல் கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். காசுக்குத் தகுமா என்று எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கேட்காதவர்கள் குறைவு. எங்கள் வீட்டைப் போன்ற வீட்டுக்குத் தாராளமாகத் தகும் என்பதுதான் என் பதில். எப்படிப் போட வேண்டும், எப்படிப் போட்டால் காசு வீண் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சுற்று வழி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கும் என் தங்கை, வீட்டைச் சூடாக்க இன்ஃப்ராரெட் பேனல் வாங்கலாமா என்று கேட்டு அதன் விவரங்களை அனுப்பியிருந்தாள். சீலிங்கிலோ சுவரிலோ மாட்டும் தட்டையான மின்பலகை அது. 60க்கு 120 சென்டிமீட்டர் அளவுள்ள ஒன்று 700 வாட் மின்சாரம் எடுக்கும். அதன் மேற்பரப்பு 80 முதல் 100 டிகிரி வரை சூடாகும். காற்றைச் சூடாக்கிவிட்டு அப்புறம் மனிதரைச் சூடாக்குவதில்லை. அதிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் நேராக உடம்பிலும் மேசையிலும் தரையிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகிறது. காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் என்பதே அதன் விற்பனைப் பேச்சு. அதில் பொய் இல்லை.

அதைப் படித்தபோதுதான் எங்கள் மாடி அறையில் மத்தியானம் நடப்பது எனக்கு விளங்கியது. காற்றாடி முழு வேகத்தில் சுற்றும், சன்னல் திறந்திருக்கும், அறைக் காற்று வெளியில் இருப்பதைவிடப் பெரிதாகச் சூடு இல்லை. ஆனாலும் உச்சந்தலை எரியும். சீலிங் பக்கம் கையை உயர்த்தினால் உள்ளங்கையில் சூடு தெரியும், தொட வேண்டியதே இல்லை. சூடு பார்க்கும் துப்பாக்கியை சீலிங் பலகைக்கு நேராகப் பிடித்தேன். வெயில் நாளில் மூன்று மணிக்கு 42 டிகிரி காட்டியது. தரையும் சுவரும் 30, 31.

இதைக் கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 42 டிகிரியில் உள்ள சீலிங், 30 டிகிரியில் உள்ள அறைக்கு ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 70 வாட்டுக்கு மேல் கதிராக இறக்குகிறது. எங்கள் படுக்கையறை 12 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 800 வாட்டைத் தாண்டும். லீட்ஸில் காசு கொடுத்து மாட்டும் அந்த பேனலின் அளவை, நாம் கேட்காமலேயே, பில் இல்லாமலேயே நம் சீலிங் தந்துகொண்டிருக்கிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றக்கூடிய சூடு ஏறக்குறைய 2,600 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கை சீலிங் ஒன்றே தின்றுவிடுகிறது. "ஏர்கோன் 18ல வச்சும் குளிரலை" என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். உடம்பு உணர்வது காற்றின் சூட்டை மட்டும் அல்ல. காற்றின் சூடு, சுற்றியுள்ள பரப்புகளின் சூடு, இரண்டின் சராசரிக்குப் பக்கத்தில்தான் நம் உணர்வு இருக்கும். காற்று 24 ஆனாலும் தலைக்கு மேல் 42 டிகிரிப் பலகை இருந்தால் உடம்பு ஒப்புக்கொள்ளாது.

பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகாலுக்குப் பக்கத்தில். 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதும் இதற்கு ஒரு காரணம். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நேரத்தில் கூரையின் ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வரை வெயில் விழும். சிமெண்டு ஓடு கனமானது, வாங்கிய சூட்டை உடனே விடாது. இரண்டு மூன்று மணிக்கு உச்சத்துக்குப் போய், இரவு எட்டு ஒன்பது வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து வந்து படுக்கப் போகும் நேரத்திலும் மாடி வெந்து கிடப்பது இதனால்தான்.

அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். முதலில் அத்தாப்புக் கூரை, பிறகு லயத்து வீட்டுத் தகரம். "அத்தாப்புல இந்த வேக்காடு இல்லைப்பா. தகரம் வந்தப்புறம்தான் மத்தியானம் திண்ணைக்கு ஓடி வர ஆரம்பிச்சோம்" என்பார். நிப்பா ஓலையை நெருக்கி அடுக்கிய கூரை, காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கும் தடித்த மெத்தை. நாம் இப்போது காசு கொடுத்து விரிக்கும் பஞ்சு செய்வதும் அதே வேலைதான். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளுக்குள் நுழைந்தாலும் இது தெரியும். உயரமான கூரை, அடுக்கடுக்காகக் கவிழ்த்த மண் ஓடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். நம் தாமான் வீடுகளில் சீலிங் தாழ்வு, ஓடு ஒற்றை அடுக்கு, முற்றம் இல்லை. பழைய வீடு கட்டியவர்கள் தந்த பாதுகாப்பை நாம் வேறு வழியில் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

என்ன வாங்கலாம் என்று விசாரித்தபோது வந்த ஆலோசனைகள் பலவிதம். முதலில் வந்தவர் கூரையில் காற்றில் சுழலும் உருண்டை ஒன்றை வைக்கச் சொன்னார். "அண்ணே, ரெண்டு உருண்டை போட்டா உள்ள இருக்கிற சூடு எல்லாம் மேல போயிடும்" என்றார். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள காற்று அதனால் கொஞ்சம் தணியும், உண்மை. ஆனால் சூடான காற்று மேலேதான் நிற்கும், கீழே இறங்கி சீலிங்கைச் சுடுவது குறைவு. ஓட்டின் அடிப்பாகத்திலிருந்து சீலிங்குக்கு வரும் சூட்டில் பெரும்பகுதி கதிராகத்தான் வருகிறது. கதிருக்குக் காற்றோட்டம் ஒரு தடை அல்ல. உருண்டைகளால் மட்டும் மாடி குளிர்ந்துவிட்டதாகச் சொல்லும் ஒரு வீட்டையும் நான் பார்க்கவில்லை.

இன்னொருவர் சீலிங் பலகை மேல் தட்டையாக அலுமினியத் தாளை விரித்துவிட்டு, பளபளப்பு மேலே பார்த்தபடி விட்டுவிடலாம் என்றார். விலை மிகக் குறைவு, அரை நாள் வேலை. அலுமினியம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதில் உள்ள ஓட்டை புரியும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் கதிரில் 95 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். அதேபோல் தான் சூடானாலும் வெளியே கதிராக விடுவது மிகக் குறைவு, சாதாரணப் பரப்பு விடுவதில் இருபதில் ஒரு பங்குதான். இரண்டும் நடக்க அந்தப் பளபளப்புக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும், மேலே தூசி படியக் கூடாது. ஓட்டுக் கூரைக்கு உள்ளே தூசி, பல்லி எச்சம், ஓட்டின் உதிரிமண் எல்லாம் கொட்டிக்கொண்டே இருக்கும். மேலே பார்த்த பளபளப்பு சில மாதத்திலேயே மங்க ஆரம்பிக்கும், அப்புறம் அது வெறும் தாள்தான். தாளைப் பஞ்சோடு ஒட்டவைத்தாலும் இதே கதை, ஒட்டிய பக்கத்தில் இடைவெளி இல்லாததால் அலுமினியம் அங்கே சும்மா கிடக்கிறது. பிளாஸ்டிக் குமிழி வைத்த தாளை விலை கூட்டி விற்கிறார்கள். அந்தக் குமிழி சேர்க்கும் தடுப்பு மிகச் சிறிது. உழைப்பது தாள் மட்டும்தான்.

சரி, நாங்கள் தேர்ந்தெடுத்தது இது. கூரைச் சட்டங்களின் அடியில், பளபளப்பு கீழே பார்த்தபடி, கிழியாத நெசவுத் தாளை இழுத்து அடித்தோம். ஓட்டுக்கும் தாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, தாளுக்கும் சீலிங்குக்கும் நடுவில் பெரிய இடைவெளி. தாள் வெந்து போனாலும் கீழே கதிர் விடாது. கீழே பார்த்த பக்கத்தில் தூசி உட்காராது. சீலிங் பலகை மேல் 50 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு. பஞ்சின் வேலை வேறு: தாளைத் தாண்டி வரும் மிச்சச் சூடு பலகை வழியாக இறங்குவதைத் தாமதப்படுத்தித் தடுப்பது.

பஞ்சு எவ்வளவு தடிமன் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. எம்.எஸ்.1525 என்ற மலேசியத் தர நியமம், எடை குறைந்த கூரை வழியாக ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 0.4 வாட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது. அது குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் வீட்டுக்கும் நல்ல வழிகாட்டி. 50 மில்லிமீட்டர் பஞ்சு மட்டும் போட்டால் அதில் பாதித் தடுப்புதான் கிடைக்கும். தாளும் இருந்தால் அந்த அளவை நெருங்கலாம். தாள் அடிக்க முடியாத வீடு என்றால் 100 மில்லிமீட்டர் போடுங்கள். கூலி ஒன்றுதான், பஞ்சின் விலை மட்டுமே கூடும்.

வியாபாரிகள் செய்துகாட்டும் ஒரு விஷயத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சூடு பார்க்கும் துப்பாக்கியை முதலில் ஓட்டுக்கு நேரே பிடிப்பார்கள், 55 என்று காட்டும். அப்புறம் தாளுக்கு நேரே பிடிப்பார்கள், 33 என்று காட்டும். "பாத்தீங்களா, 22 டிகிரி கொறைஞ்சிடுச்சு" என்பார்கள். அந்தக் கருவி சூட்டை அளப்பது அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான். அலுமினியம் மிகக் குறைவாகவே கதிர் விடுவதால், எவ்வளவு சூடாக இருந்தாலும் கருவிக்குத் தெரியாது. தாளில் பிரதிபலிக்கும் தரையின் சூட்டையோ சீலிங்கின் சூட்டையோதான் அது படிக்கிறது. தாள் மேல் ஒரு துண்டு மறைப்பு நாடாவை ஒட்டி அங்கே அளந்து பாருங்கள், உண்மையான சூடு தெரியும். இன்னும் சரியான வழி, தாளை விட்டுவிட்டு அறைக்குள் நின்று சீலிங் பலகையை அளப்பது. போடுவதற்கு முன் ஒரு வெயில் நாள், போட்ட பின் அதே மாதிரி ஒரு வெயில் நாள், ஒரே நேரம். வேறு எந்த எண்ணும் நமக்கு வேண்டாம்.

எங்கள் வீட்டில் அந்த எண் 42இலிருந்து 33க்கு வந்தது. மேகம் இல்லாத ஏப்ரல் மத்தியானம், மூன்று மணி. இன்று வரை பெரிய மாற்றம் இல்லை, 33, 34. தாள் தொய்ந்து போகவில்லை, பஞ்சு அமுங்கவில்லை. ஒன்பது டிகிரி என்பது எழுத்தில் சிறியதாகத் தெரியலாம். ஆனால் மேலே சொன்ன அதே கணக்கில் சீலிங் இறக்கும் கதிர் 800 வாட்டிலிருந்து 200 வாட்டுப் பக்கம் சுருங்கிவிட்டது. அம்மா இப்போது மத்தியானம் மாடியில் காற்றாடி மட்டும் வைத்துக்கொண்டு தூங்குகிறார். எனக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

2024இன் முதல் மாதங்களில் எல் நினோவால் வெயில் கொளுத்தியபோதுதான் இதன் மதிப்பு முழுதாகத் தெரிந்தது. வானிலைத் துறை, தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரி தொட்டால் முதல் நிலை, 37 தாண்டினால் இரண்டாம் நிலை என்று எச்சரிக்கை விடும். வட மாநிலங்கள் அடிக்கடி அந்தப் பட்டியலில் வந்தன. அண்டை வீட்டில் மத்தியானமே ஏர்கோனைப் போட்டார்கள், எங்கள் வீட்டில் இரவுக்கு மட்டும்.

ஏர்கோன் பழக்கம் மாறியதுதான் பணக் கணக்கின் அடிப்படை. முன்பு 20இல் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது, இப்போது 26இல் வைத்துக் காற்றாடியும் போட்டால் விடியும்வரை போதும். இரண்டு படுக்கையறையில் ஏர்கோன் உள்ள எங்கள் வீட்டில் மாதப் பயன்பாடு 700 யூனிட் அளவிலிருந்து 580 பக்கம் இறங்கியது. 2025 ஜூன் வரை இருந்த பழைய கட்டணத்தில் 600 யூனிட்டுக்கு மேல் ஒரு யூனிட் 54.6 சென். அதன்படி மாதம் 65 வெள்ளி (ரிங்கிட்) மிச்சம். 2025 ஜூலையில் மின்சார நிறுவனமான தெனாகாவின் கட்டண முறை மாறியது. இப்போது எரிசக்தி, கொள்ளளவு, வலையமைப்பு என்று பிரித்துப் போடுகிறார்கள், மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். 600 யூனிட்டுக்குள் இருந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் இல்லை. 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு, பயன்பாடு குறையக் குறைய அந்தத் தள்ளுபடியின் விகிதம் ஏறும். அதனால் 600க்குக் கீழே வருவதற்கு முன்பைவிட இப்போது பலன் அதிகம். எங்கள் மிச்சம் மாதம் 70, 80 வெள்ளி ஆகிவிட்டது.

செலவு, தாள், பஞ்சு, கூலி எல்லாம் சேர்த்து 5,000 வெள்ளிக்குச் சற்று மேல். பிரித்துப் பார்த்தால் போட்ட காசு திரும்ப ஏறக்குறைய ஆறு வருடம். ஏர்கோனே இல்லாத வீட்டில் பில் குறையாது, காசாகத் திரும்பாது. இருந்தாலும் அந்த வீட்டுக்குத்தான் இது முதலில் வேண்டும் என்பேன். வெயிலிலிருந்து தப்பிக்க வேறு வழி இல்லாத முதியவர்களும் குழந்தைகளும் இருப்பது அங்கேதான். அப்படிப்பட்டவர்கள் முழு வீட்டுக்கும் போட முடியாவிட்டாலும், மத்தியானம் படுக்கும் ஒரே ஓர் அறையின் மேல் மட்டும் 100 மில்லிமீட்டர் பஞ்சு விரிக்கலாம். அது சில நூறு வெள்ளியில் முடியும் வேலை.

பாதுகாப்பைப் பற்றி எந்த வியாபாரியும் தானாக வாய் திறக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2009இல் அரசு, வீட்டுக் கூரைகளுக்கு இலவசமாகக் காப்பு போடும் திட்டம் ஒன்றை அவசரமாகத் தொடங்கியது. அனுபவமில்லாத இளைஞர்கள் கூரைக்குள் ஏறினார்கள். நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். அலுமினியத் தாளை உலோக ஊசியால் அடிக்கும்போது ஊசி மின்கம்பியைத் துளைத்து, தாள் முழுவதும் மின்சாரம் பாய்ந்தது அந்த மரணங்களுக்கு ஒரு காரணம். 2010இல் தாள் போடுவதை அந்தத் திட்டத்தில் நிறுத்தினார்கள். அதைப் படித்த பிறகு நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஆள் மேலே ஏறுவதற்கு முன் மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், கீழே இறங்கும்வரை யாரும் தொடக்கூடாது. முதல் நாள் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துக் கூரைக்குள் ஓடும் கம்பிகளைப் பார்க்கச் சொன்னோம். பழைய இணைப்பு ஒன்று வெறும் டேப் சுற்றிக் கிடந்தது, அதைப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் வேலை ஆரம்பித்தது. சீலிங்கில் பதித்த விளக்கு இருந்தால் அதன் மேலும் அதன் மின்மாற்றி மேலும் பஞ்சைப் போர்த்தக் கூடாது, சூடு வெளியேற இடம் விட வேண்டும். கூலி வேலை பார்ப்பவர் நம் வீட்டு ஆள் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீடு பழையது, சீலிங் சிமெண்டுத் தட்டு என்றால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். அதைத் துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். பஞ்சு விரிப்பவர் முகமூடி, கையுறை, நீளக்கை சட்டை போட்டிருக்கட்டும். கண்ணாடி இழை தோலில் குத்தி அரிக்கும்.

சில வருடம் பயன்படுத்தியதில் தெரிந்த குறைகளும் இருக்கின்றன. எலி பஞ்சை விரும்பும். ஓட்டு ஓரத்து இடுக்குகளைக் கம்பிவலை வைத்து அடைக்காமல் பஞ்சு போட்டால் அதற்கு மெத்தை விரித்துக் கொடுத்த மாதிரி ஆகும். நம் பக்கம் மரநாயும் கூரைக்குள் வரும், அதன் எச்சம் பஞ்சில் ஊறினால் அந்தப் பகுதியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அப்புறம் தண்ணீர்த் தொட்டி. நம் வீடுகளில் தொட்டி கூரைக்குள்தான் இருக்கிறது. தாள் அடித்த பிறகு மத்தியானக் குழாய்த் தண்ணீர் முன்போல் கொதிப்பதில்லை, அது நல்லது. ஆனால் தொட்டி கசிந்தால் பஞ்சு குடித்துவிடும், சீலிங்கில் கறை தெரியும்போது உள்ளே நிறைய ஊறியிருக்கும். தொட்டிக்குக் கீழே ஒரு தட்டும் அதிலிருந்து வெளியேறும் குழாயும் வைத்துவிட்டு விரிப்பதே சரி. ஓட்டில் ஒழுக்கு இருந்தாலும் அதை முதலில் அடைத்துவிடுங்கள். ஈரமான பஞ்சு சூட்டைத் தடுக்காது, லேசில் காயவும் காயாது.

இரவைப் பற்றி ஒன்று. பஞ்சு சூட்டை உள்ளே வரவிடாது, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே போகவும் விடாது. சன்னலை மூடி, காற்றாடி மட்டும் போட்டுப் படுத்தால் நடு இரவில் கொஞ்சம் புழுக்கம் தெரியும். மாலையில் சன்னல்களைத் திறந்து வைத்தால் போதும். மழைச் சத்தம் பாதியாகக் குறைந்தது கேட்காமல் கிடைத்த நன்மை, அதிலும் செப்டம்பர் அக்டோபர் மழைக்கு.

சீலிங் அடங்கிய பிறகு அதுவரை கவனிக்காத மேற்குச் சுவர் தெரிய ஆரம்பித்தது. எங்கள் முன்பக்கம் மேற்கு. செங்கல் சுவர் மாலை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பத்து மணி வரை விடுகிறது. அதற்குப் பஞ்சு வேண்டாம், நிழல் போதும். வெளிப்பக்கமாக மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தடுக்கிறோம், வெளியே தட்டி போட்டால் வருவதற்கு முன்பே தடுக்கிறோம். செலவும் மிகக் குறைவு.

தகரக் கூரை உள்ளவர்கள் வெள்ளைப் பிரதிபலிப்புச் சாயம் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். அடிக்கலாம். தகரத்தில் அது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெயிலை முதல் இடத்திலேயே திருப்பிவிடுகிறது. நம் ஈரக்காற்றில் பாசி படிந்து கறுக்கும்போது பலன் குறையும், கழுவ வேண்டும், சில வருடத்தில் மீண்டும் அடிக்க வேண்டும். அடுக்குமாடியில் நடு மாடியில் இருப்பவர்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. உங்கள் சீலிங் மேல் வீட்டுக்காரரின் தரை. உங்களுக்கு மேற்குச் சன்னல்தான் பிரச்சினையாக இருக்கும். மேல் மாடியில் சிமெண்டுக் கூரைக்கு நேர் கீழே இருப்பவர்கள் நிர்வாகத்திடம் பேசிக் கூரையின் மேல்பக்கத்தில் காப்பு போடச் சொல்வது நல்லது.

தங்கைக்கு நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்ஃப்ராரெட் பேனல் ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கி ஒரு யூனிட் சூடு தரும், அதற்கு மேல் தராது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வரும் ஹீட் பம்ப் அதே யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். நம் ஏர்கோனைத் திருப்பிப் போட்ட இயந்திரம்தான் அது. பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. முழு வீட்டையும் பேனலால் சூடாக்கினால் குளிர்காலம் முழுவதும் பில் கழுத்தைப் பிடிக்கும். வேலை மேசைக்கு மேலேயோ குளியலறையிலோ, தினம் ஓரிரு மணி நேரம் ஒருவருக்கு மட்டும் என்றால் பேனல் நல்லது. போட்டதும் சூடு தெரியும், மாட்டுவது சுலபம், பராமரிப்பு இல்லை. எதை வாங்குவதற்கு முன்னும் அவள் வீட்டுக் கூரைக்குள் எத்தனை அங்குலம் பஞ்சு இருக்கிறது என்று ஏறிப் பார்க்கச் சொன்னேன்.

கேமரன் மலையில் வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் இதே பேனலைப் பற்றிக் கேட்டார். பிரிஞ்சாங் பக்கம் இரவில் 15 டிகிரி வரை இறங்கும், பகலில் வெயில் காயும். குளிர் சில மணி நேரம்தான், அதுவும் ஓர் அறையில் தாத்தா பாட்டி உட்கார்ந்திருக்கும்போது. அந்த மாதிரி இடத்துக்கு 500, 600 வாட் பேனல் ஒன்று பொருத்தம். தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. மலேசியாவில் அதை வாங்கச் சொல்லி நான் யாருக்காவது ஆலோசனை சொல்வேன் என்றால் அங்கே மட்டும்தான். வாங்கும்போது சிரிம் என்ற மலேசியத் தர அமைப்பின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் கை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், மேற்பரப்பு சுடும்.

எங்கள் தாமானில் இப்போது சில வீடுகள் சேர்ந்து ஒரே ஆளிடம் வேலை கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரே வரிசையில் அடுத்தடுத்த வீடு என்றால் கூலி குறையும். ஆளிடம் கேட்க நான் எழுதிக் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: தாளின் பளபளப்பு எந்தப் பக்கம் பார்க்கும், கீழே எவ்வளவு இடைவெளி இருக்கும், மெயின் சுவிட்சை யார் அணைப்பது, தொட்டிக்குக் கீழே தட்டு உண்டா, வேலை முடிந்ததும் சீலிங் பலகையை நம் எதிரில் மூன்று மணிக்கு அளந்து காட்டுவாரா. கடைசிக் கேள்விக்குச் சரி என்றவருக்கே வேலை.